எல்லோருக்கும் சொந்தமான காட்டில் ஒரு மான்

மான் வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் யார் வந்து நிற்கிறார்கள்? வில்லும் கையுமாகத் தேரில் மானைத் துரத்திக்கொண்டு கண்வ மகரிஷியின் ஆசிரமம் வரை வந்துவிட்ட துஷ்யந்த மகாராஜா! அல்லது பொன்மானின் பின்னால் போன ஸ்ரீராமன்! நம் கதைகளில் வேட்டை என்பது ராஜாக்களும் ராஜகுமாரர்களும் ஈடுபட்ட காரியம். காட்டில் கூட்டம் என்ற தொல்லை அவர்களுக்கு இருந்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை. துஷ்யந்தன் தேரை நிறுத்திய இடத்தில், அதே மானைக் குறிவைத்து இன்னும் நாற்பது பேர் புதர் மறைவில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சகுந்தலையின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்!

ஆனால் அந்த மாதிரி நிலைமை நிஜமாகவே ஏற்படுகிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பென்ஸில்வேனியா மாநிலந்தான் அது. ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் அந்த மாநிலத்துத் தச்சர்கள், பஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே வேட்டை லைசென்ஸ் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஒரே நாளில் வருவதில்லை என்றாலும், முதல் நாளன்று சில பொதுக்காடுகளின் வாசலைப் பார்த்தால், தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவைப் பார்த்தது போல் இருக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவருக்கு மான் எப்படிக் கிடைக்கிறது? இதில் இருக்கும் யுக்தி துப்பாக்கியைப் பற்றியது அல்ல. மனித சுபாவத்தைப் பற்றியது. அதனால்தான் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்த்திராத நமக்கும் அது சுவாரசியமாக இருக்கிறது.

மான் காலத்து மனைவிமார்கள்

நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி கூறும் திருநாள். வான்கோழி விருந்து முடிந்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்குவதற்குள் வேட்டைக் காய்ச்சல் தொடங்கிவிடும். பென்ஸில்வேனியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அந்தத் திருநாளை அடுத்த திங்கட்கிழமைதான் துப்பாக்கி வேட்டையின் முதல் நாளாக இருந்தது. அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை! 2019-ல் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். லீவு கிடைக்காத உத்தியோகஸ்தர்களுக்குச் சந்தோஷம். ஞாயிறன்று நிதானமாக மலைக்குப் போய், குடிலில் அடுப்பு மூட்டி, சீட்டாடிப் பழகிய பழைய ஆசாமிகளுக்கோ முணுமுணுப்பு.

கணவன்மார்கள் இப்படிக் காட்டோடு போய்விடுவதால், வீட்டில் தனித்திருக்கும் மனைவிமார்களை அங்கே வேடிக்கையாக 'வேட்டை விதவைகள்' என்று சொல்வார்கள். சிவ சிவா! நம் வீட்டுப் பாட்டிமார் காதில் விழுந்தால் வாயிலேயே போடுவார்கள். ஆனால் அந்தப் பரிகாசத்துக்கும் இப்போது வயதாகிவிட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிடக் காட்டில் உட்கார்ந்திருப்பது மேல் என்று தாங்களே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு புறப்படும் பெண்கள் அங்கே நிறையப் பேர்.

காடு யாருடையது?

பணக்காரருக்குப் பிரச்னை இல்லை. நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் என்று சொந்தமாகத் தோப்பு வைத்திருப்பார். இல்லாவிட்டால் ஒரு விவசாயியின் நிலத்தை வேட்டைக்கென்று குத்தகைக்கு எடுத்துக்கொள்வார். வேலியில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று பலகை தொங்கும்.

வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளி எங்கே போவார்? அவருக்காக இருப்பவைதான் பொதுக்காடுகள். பென்ஸில்வேனியாவில் 'மாநில வேட்டை நிலங்கள்' என்ற பெயரில் சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அது போக மாநில வனங்கள் சுமார் 22 லட்சம் ஏக்கர். சுமார் 20 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கிய உள்ளூர்வாசி எவரும் அங்கே போகலாம். கோடீசுவரருக்கு அங்கே என்ன உரிமையோ, அதே உரிமைதான் கூலிக்காரருக்கும்.

இது தானாக வந்துவிடவில்லை. பழைய இங்கிலாந்தில் காட்டு மான் அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. ராபின் ஹூட் கதையில் வரும் வம்பெல்லாம் அரசனுடைய மானை ஏழை தொட்டதனால் வந்ததுதானே? அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதற்கு நேர்மாறாக, மான் எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொது என்றால் என்ன நடக்கும்? எல்லோரும் சுட்டார்கள், காட்டையும் வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பென்ஸில்வேனியாவில் மான் அபூர்வப் பிராணியாகிவிட்டது. 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களை வரவழைத்துக் காட்டில் விட வேண்டியதாயிற்று. 1907-ல் பெண் மானைச் சுடக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1920-ல் எல்க் கவுண்டி என்ற மலைப்பிரதேசத்தில் முதல் வேட்டை நிலத்தை மாநிலம் விலைக்கு வாங்கியது. 1937-ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா இவற்றின்மீது 11 சதவிகித வரி. அந்தப் பணம் காட்டுப் பிராணிகளைக் காப்பதற்காக மாநிலங்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே, 'இது என் காடு' என்று அந்தத் தொழிலாளி சொல்வது வெறும் பேச்சல்ல. அவர் வாங்கும் தோட்டாவில் அதன் விலையும் அடங்கியிருக்கிறது.

ரோட்டை விட்டு நகராத வேட்டைக்காரர்கள்

சரி, காட்டுக்குள் போவோம். கார் நிறுத்துமிடத்தில் இருபது கார்கள் நிற்கின்றன. புதிதாக வந்தவர், 'இங்கே எப்படி மான் கிடைக்கும்?' என்று மனம் உடைந்து போவார். அனுபவசாலியோ, 'இந்த இருபது பேரும் எங்கே போயிருப்பார்கள்?' என்றுதான் முதலில் யோசிப்பார்.

பென்ஸில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவை கையில் எடுத்துக்கொண்டார்கள். வேட்டைக்காரர்களிடம் இருப்பிடம் காட்டும் கருவிகளைக் கொடுத்தனுப்பி, அவர்கள் உண்மையில் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பாலோர் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அதைவிட வேடிக்கை, தாங்கள் போனதாக அவர்கள் சொன்ன தூரம், கருவி காட்டிய தூரத்தைவிட அதிகம்! 'வெகு தூரம் நடந்தேன்' என்று நம் வீட்டுக்காரர்கள் காலை உலாவலைப் பற்றிச் சொல்வதில்லையா, அது போலத்தான்.

மான்கள் என்ன செய்கின்றன? அதையும் ஆராய்ந்தார்கள். 2013-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் காட்டு மான்களைப் பிடித்து, கழுத்தில் கருவிப் பட்டை கட்டி விட்டார்கள். அவற்றில் ஒரு பெண் மான், துப்பாக்கி வேட்டை தொடங்கியதும், மனிதன் மூச்சு வாங்காமல் ஏற முடியாத செங்குத்தான மலைச்சரிவு ஒன்றில் போய் ஒதுங்கிக்கொண்டது. பகலெல்லாம் அங்கே வாசம். இருட்டியதும் இறங்கி வந்து மேய்ச்சல். மறுபடி பகலில் மலைச்சரிவு. மனிதர்களின் கால அட்டவணையை அது நன்றாகவே படித்து வைத்திருந்தது!

விஷயம் இப்போது புரிகிறதல்லவா? கூட்டமுள்ள காட்டில் மான் இருக்கும் இடம், மனிதன் போகச் சோம்பல்படும் இடம். மானைத் தேடுவதற்கு முன் மனிதனின் சோம்பலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கோலமும் வரைபடமும்

அந்த வேலை சாப்பாட்டு மேஜையிலேயே தொடங்குகிறது. நிலத்தின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொள்கிறார்கள். இப்போது கைப்பேசியிலேயே எல்லைக்கோடு உட்பட எல்லாம் வந்துவிடுகிறது. மலைகளின் உயரத்தைக் காட்டும் கோடுகள் சிக்குக் கோலம் போல் வளைந்து வளைந்து போகும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் சமதளம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய் போன்ற இடம் மான்கள் கடந்து செல்லும் வழி. சதுப்பு, ஓடை, முள் அடர்ந்த புதர், மரம் வெட்டிய பிறகு நெருக்கமாக முளைத்த இளங்காடு, இவையெல்லாம் மனிதன் 'வேண்டாமப்பா' என்று திரும்பி வரும் இடங்கள். அவற்றின்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறார்கள்.

தூரமாகப் போனால்தான் மான் என்பதும் இல்லை. எல்லோரும் தூரத்தையே நினைத்துக்கொண்டு வேகமாக நடக்கும்போது, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலேயே இருக்கும் சின்னப் புதர்க்காட்டை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாவியை வீடு முழுவதும் தேடிவிட்டுக் கடைசியில் இடுப்பிலிருந்தே எடுக்கிறோமே, அந்தக் கதைதான்.

அப்புறம் காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. மான் இருக்கும் பக்கத்திலிருந்து தம்மை நோக்கிக் காற்று வீசும்படி வேட்டைக்காரர் உட்கார வேண்டும். காலை வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும், சாம்பார் கொதிக்கும்போது ஆவி எழும்புவது போல, காற்று மேல்நோக்கிப் போகும். மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். ஆகையால் காலையில் மேட்டிலும் மாலையில் பள்ளத்திலும் இருப்பது புத்திசாலித்தனம்.

நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விடியற்காலையில் வந்தவர்களுக்குப் பத்து, பதினொரு மணிக்குக் கால் விறைத்துவிடும், பசி எடுக்கும். எழுந்து காரை நோக்கி நடப்பார்கள். அவர்கள் நடக்க, மான்கள் கலைந்து ஓடும். மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு, அடர்ந்த புதரை ஒட்டிய வழியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் நல்ல வேளை. மற்றவர்களின் கூட்டமே அவருக்கு வேலை செய்து கொடுக்கிறது! முதல் நாள் கூட்டம் பிடிக்காதவர்கள், வாரத்தின் நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். செவ்வாய், புதன்கிழமைகளில் காட்டில் அமைதி திரும்பியிருக்கும்.

வீடு திரும்ப வேண்டுமே!

வாசலில் நின்று வழியனுப்பும் தாய்க்கும் மனைவிக்கும் ஒரே ஒரு கவலைதான். இத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே போகிற பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டுமே!

அதற்காகத்தான் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை. தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் அந்த நிறம் தெரிய வேண்டும் என்பது பென்ஸில்வேனியாவில் துப்பாக்கியுடன் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான விதி. 'இவ்வளவு பளிச்சென்று இருந்தால் மான் ஓடிவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஓடாது. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியாகத் தெரிவதில்லை. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே வேட்டைக்குப் போகிறவருக்கு ஆரஞ்சுச் சட்டையால் தொந்தரவில்லை. நீல ஜீன்ஸ்தான் சத்துரு! விஸ்கான்ஸின் மாநிலத்தில் 2016-ல் ஆரஞ்சுக்குப் பதில் பளீர் ரோஜா நிறமும் அணியலாம் என்று சட்டம் செய்தார்கள். பெண்களைக் கவர்வதற்காக என்று சிலர் சொல்லப்போக, 'ரோஜா நிறத்தைக் கண்டால்தான் நாங்கள் காட்டுக்கு வருவோமா?' என்று பெண் வேட்டைக்காரர்களில் சிலரே கோபித்துக்கொண்டார்கள்!

மற்ற விதிகளும் உண்டு. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் அனுமதியின்றித் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் நேரம். 2002 முதல், ஆண் மானாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் கொம்பில் ஒரு பக்கம் குறைந்தது மூன்று கிளை இருந்தால்தான் பெரியவர்கள் சுடலாம். இளம் மான்கள் வளரட்டும் என்பதற்காக வந்த விதி இது. ஆனால் கொம்பை எண்ணிப் பார்க்காமல் விசையைத் தொடக்கூடாது என்றாகிவிட்டதால், அவசரக் கைக்கு அது ஒரு கடிவாளமாகவும் இருக்கிறது. மரத்தின்மேல் பரண் கட்டி உட்காருகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொள்வது நல்லது. குண்டுக்குப் பயப்படுகிறவர்கள்கூட, பரணிலிருந்து விழுவதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத விதிகள்தான் அதைவிட முக்கியம். நம் ஊர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் போனாலே இடம் பிடித்ததாகிவிடும். பொதுக்காட்டில் அப்படிச் செல்லாது. பரணைக் கட்டி, அதில் தம் அடையாளச் சீட்டை மாட்டிவிட்டுப் போகலாம். அதற்காக அந்தக் காடு அவருடையதாகிவிடாது. ஆனால் விடியற்காலையில் ஒருவர் முன்னதாக வந்து உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிறவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சத்தமின்றி விலகிப் போவதுதான் மரியாதை. அதனால்தான் கெட்டிக்காரர்கள் ஒரே இடத்தை நம்பி வருவதில்லை. முதல் இடத்தில் ஆள் இருந்தால் இரண்டாவது. அங்கும் இருந்தால் மூன்றாவது. கைவசம் வேறு இடம் வைத்திருப்பவருக்குச் சண்டை போட அவசியம் ஏற்படுவதில்லை.

சமையலறையில்

காட்டு மானின் இறைச்சியை அங்கே கடையில் விற்க முடியாது. சட்டம் இடம் கொடுக்காது. வேட்டையாடியவர் வீட்டில் சமைக்க வேண்டும், அல்லது இனாமாகக் கொடுக்க வேண்டும். ஒரு மானிலிருந்து எலும்பு நீக்கி 15 முதல் 25 கிலோ வரை கிடைக்கும். கொத்துக்கறியாகவும், நம் ஊர் உப்புக்கண்டம் போல் காயவைத்தும், பொட்டலம் கட்டி ஃப்ரீஸரில் அடுக்கிவிட்டால், சம்பளம் இழுபறியாக இருக்கும் குடும்பத்துக்குப் பனிக்காலம் முழுவதும் ஒரு கவலை விட்டது. வேட்டையில் அவர்களுக்கு இருக்கும் அக்கறை வெறும் விளையாட்டுக்காக அல்ல என்பது ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தால் தெரியும்.

தேவைக்கு மேல் கிடைத்தவர்கள் கொடுப்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 1991 முதல் பென்ஸில்வேனியாவில் ஒரு தர்ம ஸ்தாபனம், வேட்டைக்காரர்கள் தரும் மான் இறைச்சியைப் பக்குவம் செய்து, ஏழைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களுக்கு அனுப்பி வருகிறது. இன்னொரு ஜாக்கிரதையும் இப்போது அவசியமாகிவிட்டது. மான்களின் மூளையைத் தாக்கும் தீராத நோய் ஒன்று 2012-ல் அந்த மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது. மனிதருக்கு அது தொற்றியதாக இதுவரை தெரியவில்லை. ஆனாலும், நோய் பரவிய வட்டாரங்களில் மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே இறைச்சியைச் சாப்பிடுவது நல்லது என்பது சுகாதார நிபுணர்களின் புத்திமதி.

பாவமில்லையா?

'ஐயோ, மானைக் கொல்லலாமா?' என்று நம்மில் பலர் கேட்கத்தான் செய்வோம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம், அது நியாயமும்கூட. நம் காட்டில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் தங்கள் வேலையைச் செய்து கொண்டிருக்கின்றன. பென்ஸில்வேனியாவிலோ ஓநாயும் மலைச்சிங்கமும் வெகு காலத்துக்கு முன்பே அற்றுப்போயின. தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகிய மான்கள், காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தன. தினமும் கார்களில் மோதிச் சாகின்றன. மனிதர்களும் அதில் சாகிறார்கள். ஒரு காலத்தில் பெண் மானைச் சுடாதே என்று சட்டம் போட்ட அதே மாநிலம், இன்று பெண் மானுக்கென்று தனி லைசென்ஸ் விற்கிறது. மனிதன் ஒரு தடவை தராசில் கை வைத்துவிட்டால், அப்புறம் கையை எடுக்கவே முடிவதில்லை.

எல்லோருக்கும் மான் கிடைத்துவிடுவதும் இல்லை. பலர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். ஆனாலும் அடுத்த வருஷம் அதே கார் நிறுத்துமிடத்தில், அதே இருட்டில், அதே முகங்கள். கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் காடும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அத்தனை பேருடைய லைசென்ஸ் பணமும் வரிப் பணமும் சேர்ந்துதான், அந்த நிலம் விலைக்குப் போகாமல், வேலி விழாமல் நிற்கிறது. பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அந்நியர் போட்டிக்காரர் மட்டுமல்ல. கூட்டுப் பங்காளியும் அவர்தான்.

பொதுச் சொத்தில் நல்ல இடம் தேடுகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டே காரியம். மற்றவர்கள் சோம்பல்படும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும்; முன்னால் வந்தவரைக் கண்டால் கொஞ்சம் விலகிப் போக வேண்டும். இது மான் வேட்டைக்கு மட்டும் சொன்னதல்ல என்று நம் குழாயடிப் பெண்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?